போர்ப்பலகையிற் பெண்

ஒரு சமுதாயம் தன் போர்களைக் காவியமாகப் பாடுகிறது, கூத்தாக ஆடுகிறது, கல்லிலே சிலையாகச் செதுக்குகிறது. இவற்றை ஆராய நம்மிடையே திறனாய்வாளர் பலர் உளர். அதே சமுதாயம் தன் போர்களைப் பலகையிலும் மேசையிலும் விளையாட்டாக ஆடி வந்திருக்கிறது என்பதை மட்டும் நாம் பெரிதாக எண்ணுவதில்லை. சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆயின் விளையாட்டும் மனிதன் ஆக்கிய படைப்பே. காவியத்தைப் போலவே அதுவும் சிலரைத் தெரிந்தெடுத்து முன்னே நிறுத்துகிறது. சிலரைக் காணாமற் செய்கிறது. எவரைக் காணாமற் செய்கிறது, ஏன் செய்கிறது என்று கேட்பது திறனாய்வாளனின் கடமைகளுள் ஒன்றாகும்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்வது மேசைமேல் ஆடப்படும் சிற்றுருவப் போர்விளையாட்டு. ஈயத்தாலோ பிளாஸ்ரிக்காலோ வார்த்த பெருவிரலளவான போர்வீரர் உருவங்களை ஆடுவோர் தாமே ஒட்டி, வர்ணம் தீட்டி, குன்றும் ஆறும் இடிந்த வீடும் அமைத்த மேசையிலே அணிவகுத்து நிறுத்துவர். நகர்வை அளவுநாடா தீர்மானிக்கும். சாவை உருட்டுக் கட்டை தீர்மானிக்கும். இன்று பெரும்பாலான உருவங்கள் ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் உயரமுள்ளவை. மேலைநாடுகளில் இது பெரும் வணிகம். யாழ்ப்பாணத்தில் இவ்வுருவங்களை விலைகொடுத்து வாங்கக்கூடியவர் மிகச் சிலரே. எனினும் இவ்விளையாட்டின் மூதாதை நம் பாடசாலைகள்தோறும் இருக்கிறது. அதுதான் சதுரங்கம். அது மட்டுமன்று. மேசையிலே பொம்மையாக ஆடப்படும் போரை மெய்யாகவே தன் வயல்களிலும் தெருக்களிலும் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கண்ட மண் இது. ஆகவே, அந்தப் பலகையில் பெண் எங்கே நிற்கிறாள் என்று கேட்க நமக்குத் தனி உரிமை உண்டு.

முதலில் நம் வீட்டுப் பலகைகளைப் பார்ப்போம். கி.பி. ஆறாம் நூற்றாண்டளவில் வட இந்தியாவில் உருவான சதுரங்கம், யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையின் சிற்றுருவம். அரசன் உண்டு, அவனருகே மந்திரி உண்டு, பெண் இல்லை. ஆடு புலி ஆட்டம் என்றும் நாயும் புலியும் என்றும் வழங்கும் ஆட்டத்தில் விலங்குகள் மோதுகின்றன. கூழாங்கல்லும் விதையுமே அங்கே காய்கள் ஆகையால் ஆண் பெண் வேற்றுமைக்கு இடமில்லை. பெண்பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை கொக்கானும் பல்லாங்குழியும். அங்கே எண்ணிச் சேர்க்கும் திறன் வேண்டும். படை நடத்தும் திறன் வேண்டியதில்லை.

பலகைமேல் இல்லாத பெண், பலகையைச் சுற்றி இருந்தாள். எவ்வாறு இருந்தாள் என்பதே கேள்வி. பாரதக் கதையில் அவள் பணயம். தருமன் நாட்டை வைத்து இழந்தான், தம்பியரை வைத்து இழந்தான், தன்னையே வைத்து இழந்தான். பின்னர்ப் பாஞ்சாலியை வைத்தான். காயை உருட்டியவன் ஒருவன், துகிலுரியப்பட்டவள் மற்றொருத்தி. தமிழ்நாட்டின் திருப்பூவனூர்த் தலபுராணக் கதையோ வேறொரு நிலையைக் காட்டுகிறது. அரசன் மகளாகப் பிறந்த இராசராசேசுவரி சதுரங்கத்தில் எவராலும் வெல்ல முடியாதவள். இறைவன் சித்தராக வந்து அவளை வென்று மணந்தார். அதனால் அங்குள்ள இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்பது பெயர். பலரும் இக்கதையைத் தமிழரின் சதுரங்கத் தொன்மைக்குச் சான்றாகக் காட்டிப் பெருமைப்படுகின்றனர். நாம் கவனிக்க வேண்டியது பிறிதொன்று. மிகச் சிறந்த ஆட்டக்காரி பெண். ஆட்டத்தின் பரிசும் அவளே. அவள் வென்றால் அவளுக்குக் கிடைப்பது எது என்று கதை சொல்வதில்லை.

நம் சமயம் பெண்ணைப் போர்க்கோலத்தில் அறியாததன்று. நவராத்திரி ஒன்பது நாளும் மகிடனை வதைத்த தேவியைப் போற்றுகிறோம். கொலுப்படிகளில் வைக்கும் பொம்மைகளிலே தேவியரும் உளர். கூடை சுமப்பவளும் பிள்ளையை ஏந்தியவளும் உளர். பத்தாம் நாள் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் மானம்பூ நடைபெறும். அசுரனாகப் பாவிக்கப்படும் வாழை வெட்டி வீழ்த்தப்படும். வெற்றி அம்மனுடையது, வாளைப் பிடித்த கை ஆண் குருக்களுடையது. வீரத்தைத் தெய்வப் பெண்ணுக்கு வழங்கிவிட்டு மானிடப் பெண்ணிடமிருந்து அதனை எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு, பிற்காலத்து வணிகப் பொம்மைகளிலும் வேறு வடிவில் வெளிப்படுவதை இனிக் காண்போம்.

சதுரங்கம் பாரசீகத்துக்கும் அராபியருக்கும் சென்று ஐரோப்பாவை அடைந்தபோது மந்திரி அரசியானாள். கி.பி. ஆயிரத்தை ஒட்டி எழுந்த இலத்தீன் செய்யுளொன்றிலேயே அவ்விடத்தில் அரசி குறிப்பிடப்படுகிறாள். அக்காலத்தில் அவள் குறுக்காக ஒரு கட்டம் மட்டுமே நகரும் வலுவற்ற காய். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில், ஸ்பெயினில் இசபெல்லா அரசாண்ட காலத்தை ஒட்டி, அவள் எத்திசையிலும் எத்தனை கட்டமும் செல்லும் பேராற்றல் பெற்றாள். இவ்விரண்டுக்கும் தொடர்புண்டு என்று மரிலின் யலோம் என்ற அறிஞர் சதுரங்க அரசியின் பிறப்பைப் பற்றி 2004இல் எழுதிய நூலில் வாதிட்டார். புதிய ஆட்டமுறையை ஏளனம் செய்தோர் அதனை வெறிகொண்ட சீமாட்டியின் சதுரங்கம் என்றனர். மந்திரி பலம் பெற்றிருந்தால் அவனை வெறியன் என்று எவரும் சொல்லியிரார்.

தமிழில் இன்றும் இதே காயை மந்திரி என்போரும் உளர். இராணி என்போரும் உளர். பெயரை மாற்றினாலும் ஆட்டம் மாறுவதில்லை என்பதைச் சிந்திக்க வேண்டும். பலகையில் மிக வலிய காய் பெண். ஆனால் அவள் வீழ்ந்தால் ஆட்டம் தொடரும், அரசன் வீழ்ந்தாலே முடியும். திறமைசாலி எனப்படுபவன் தக்க தருணத்தில் அரசியைப் பலிகொடுக்கத் தெரிந்தவன். ஆற்றலைக் கொடுத்து மதிப்பைக் கொடாமல் விடுவது எங்ஙனம் என்பதற்கு இதைவிடத் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

சதுரங்கத்திலிருந்து நவீனப் போர்விளையாட்டுப் பிறந்த கதையும் அரசியலோடு பிணைந்தது. 1780இல் ஜேர்மன் நாட்டவரான ஹெல்விக் சதுரங்கத்தை விரித்துக் காலாட்படையும் பீரங்கியும் கொண்ட ஆட்டமாக்கினார். 1812இல் ரைஸ்விற்ஸ் என்ற பிரபு நிலத்தோற்றம் அமைத்த மேசையொன்றைப் பிரஷ்ய அரசனுக்குக் காட்டினார். அவர் மகன் 1824இல் அதன் விதிகளைத் திருத்தி வெளியிட, பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சிக் கருவியாக அது மாறியது. அங்கே காய்கள் மனித உருவற்ற சிறு கட்டைகள். படைப்பிரிவுதான் எண்ணப்பட்டது; மனிதன் எண்ணப்படவில்லை. அரசனும் நிலப்பிரபுவும் போரை மேலிருந்து பார்க்கும் பார்வை அது. வயல் அங்கே படை கடக்கும் நிலம், விளைச்சல் நிலமன்று.

இவ்விளையாட்டைப் படைத்தலைமையகத்திலிருந்து வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் எச். ஜீ. வெல்ஸ். சோஷலிசவாதியும் அறிவியற் புனைகதையாளருமான அவர் 1913இல் பொம்மைச் சிப்பாய்ப் போருக்கு விதிநூல் எழுதினார். நூலின் தலைப்பிலேயே அது பன்னிரண்டு வயது முதல் நூற்றைம்பது வயது வரையுள்ள சிறுவர்களுக்கு உரியதென்று கூறி, சிறுவரின் ஆட்டங்களையும் நூல்களையும் விரும்பும் புத்தி கூடிய சிறுமியருக்கும் இடமளித்தார். பெண்விடுதலையைப் பற்றி எழுதிய ஒருவரே பெண்ணுக்கு இவ்வாறுதான் கதவைத் திறந்தார். உள்ளே வரலாம், ஆனால் மற்றப் பெண்களைப் போல் இராதவள் என்ற சான்றிதழோடு வரவேண்டும். உண்மைப் போரைவிட இப்பொம்மைப் போர் எவ்வளவோ மேல் என்பதே அந்நூலில் அவர் சொல்ல விரும்பியது. அடுத்த ஆண்டே உலகப்போர் மூண்டது.

வெல்ஸ் ஆடிய சிப்பாய்கள் பெரும்பாலும் பிரிட்டன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் 1893 முதல் உள்வெற்றாக வார்த்து மலிவாக விற்றவை. அந்நிறுவனத்தின் வரிசைகளிலே பெண் முற்றாக இல்லாமலில்லை. இராணுவ மருத்துவப் பிரிவில் அவள் தாதி. முதல் உலகப்போரின் பின், போர்ப் பொம்மைகள்மீது பெற்றோருக்கு வெறுப்பு மிகுந்திருந்த காலத்தில், அந்நிறுவனம் பண்ணைப் பொம்மைகளை வார்த்தது; அங்கே அவள் குடியானவன் மனைவியாகவும் பால் கறப்பவளாகவும் வந்தாள். போர் மறையும்போதே பெண் தோன்றுகிறாள் என்பது அக்காலத்து மனப்பாங்கு. அதே வேளை, இச்சிப்பாய்களின் செங்கோட்டுக்கும் கன்னச் சிவப்புக்கும் தூரிகை பிடித்துக் கூலிவேலை செய்தவர்களுள் பெருந்தொகையானோர் பெண்கள். ஆயிரமாயிரம் ஆண் வீரருக்கு முகம் எழுதிய கைக்குத் தன் முகத்தை எழுதுமாறு எவரும் பணிக்கவில்லை. உழைப்பு ஒருவருடையது, உருவம் மற்றொருவருடையது என்ற நிலை இத்தொழிலுக்கு மட்டும் உரியதன்று என்பதை வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

பெண்ணுக்குப் போர்த்தந்திரம் விளங்காது என்ற கூற்றை இரண்டாம் உலகப்போர் பொய்யாக்கியது. 1942இல் லிவர்பூல் நகரில் பிரித்தானியக் கடற்படை ஒரு தந்திரோபாயப் பிரிவை நிறுவியது. கப்டன் கில்பேர்ட் ரொபேர்ட்ஸின் தலைமையில், தரையில் கோடிட்டுச் சிறு கப்பல் உருவங்களை நகர்த்தி, அத்திலாந்திக்கில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் எவ்வாறு தாக்குகின்றன என்பதை ஆடிக் கண்டறிந்தவர்களுட் பெரும்பான்மையோர் கடற்படை மகளிர் சேவையைச் சேர்ந்த இளம்பெண்கள். ஜீன் லெயிட்லோ, ஜனெற் ஒக்கெல் ஆகியோரின் பங்கு இன்று நன்கறியப்பட்டது. அட்மிரல் ஒருவரே அம்மேசையில் ஒக்கெலிடம் தோற்றார். அங்கே வகுக்கப்பட்ட உபாயங்களைக் கற்றுக்கொண்டு கடலுக்குச் சென்ற அதிகாரிகள் ஏறத்தாழ 5,000 பேர். போர்விளையாட்டின் முழு வரலாற்றிலும் மெய்ப்போரின் போக்கை மாற்றியதென்று துணிந்து சொல்லக்கூடிய ஆட்டங்கள் மிகச் சில. அவற்றுளொன்றைப் பெண்கள் ஆடினர். அவர்களின் பெயர் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே பொதுமக்களின் காதுக்கு எட்டியது.

போருக்குப் பின் இவ்விளையாட்டு இரு கிளையாகப் பிரிந்தது. ஒன்று வரலாற்றுப் போர்களை ஆடுவது. மற்றையது கற்பனை உலகங்களை ஆடுவது. 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டமும், கேம்ஸ் வேர்க்ஷொப் என்ற பிரித்தானிய நிறுவனம் 1983இலும் 1987இலும் வெளியிட்ட வோர்ஹாமர், வோர்ஹாமர் 40,000 ஆகியனவும் இரண்டாம் கிளையைப் பெருமரமாக்கின. இங்கே பெண் உருவங்கள் வந்தன. எப்படி வந்தன? ஆண் வீரன் கழுத்து முதல் கணுக்கால் வரை இரும்பு போர்த்து நிற்கையில், பெண் வீராங்கனை மார்பிலும் இடையிலும் மட்டும் சங்கிலிக் கவசம் அணிந்து நின்றாள். எதிரியின் வாளுக்காகச் செய்யப்பட்ட கவசமன்று அது. வாங்குபவனின் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. சந்தை தனக்குப் பழக்கமான பண்டமாகப் பெண்ணைப் போர்க்களத்துக்கும் கொண்டுவந்தது.

வோர்ஹாமர் 40,000 உலகில் போர்ச் சகோதரியர் என்ற முழுப் பெண்படையொன்று உண்டு. 1997இல் அதற்கெனத் தனி விதிநூல் வந்தது. அப்படை தோன்றிய கதை கவனத்துக்குரியது. அக்கற்பனைப் பேரரசில், ஆயுதமேந்திய ஆடவரைத் திருச்சபை வைத்திருத்தல் ஆகாதென்று சட்டம். ஆடவர் என்றுதானே சொல்லப்பட்டது என்று பெண்களைக் கொண்டு படையமைத்தது திருச்சபை. ஒரு சட்டச் சொல்லின் இடுக்கு வழியாகவே பெண் ஆயுதம் ஏந்துகிறாள்! அவளுடைய கவசமும் மார்பின் வடிவை எடுத்துக்காட்டுமாறே வார்க்கப்பட்டது. ஆண் வீரரான ஸ்பேஸ் மரீன்கள் பிளாஸ்ரிக்கில் மீண்டும் மீண்டும் புதிதாக வந்துகொண்டிருக்க, சகோதரியரின் படை பிளாஸ்ரிக்குக்கு மாற 2019 வரை காத்திருந்தது. தேவிக்கு வீரத்தைக் கொடுத்து மானிடப் பெண்ணை விலக்கிய நம் ஏற்பாட்டோடு இதனை ஒப்பிடலாம். அங்கும் போராடத் தகுதி பெற்றவள் துறவி. சாதாரணப் பெண் அல்லள்.

2024இல் இதே நிறுவனம், பேரரசனின் மெய்க்காவலரான கஸ்ரோடெஸ் படையில் பெண்களும் உண்டென்று எழுதியபோது ஆட்டக்காரரிடையே பெருங்கூச்சல் எழுந்தது. வரலாறு திரிக்கப்படுகிறது என்றனர் பலர். எந்த வரலாறு? பேய்களும் பூதங்களும் விண்மீன்களிடையே போரிடும் நாற்பதாயிரமாம் ஆண்டுக்குரிய கற்பனையில் நம்பமுடியாதது பெண் ஒருத்தி ஈட்டி பிடிப்பது மட்டுமே என்றால், அங்கே காக்கப்படுவது வரலாறு அன்று என்பது தெளிவு.

மெய்யான வரலாறோ வேறு சொல்கிறது. பாசிசத்துக்கெதிரான போரில் சோவியத் படைகளில் ஏறத்தாழ 8 இலட்சம் பெண்கள் பணியாற்றினர். குறிசுடுநரான லுட்மிலா பாவ்லிசெங்கோ வீழ்த்திய பகைவர் 309 பேர் என்பது பதிவு. 1943இல் சிங்கப்பூரில் சுபாஸ் சந்திர போஸ் அமைத்த ஜான்சி ராணிப் படையணிக்குத் தலைமை தாங்கியவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவரான கப்டன் லட்சுமி. அதில் சேர்ந்தவர்களுட் பலர் மலாயா இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள். கூலி வரிசையில் நின்ற பெண் படைவரிசையில் நின்றாள். இவர்களை மேசையில் நிறுத்த விரும்பும் ஆட்டக்காரன் கற்பனை எதையும் துணைக்கழைக்க வேண்டியதில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1987 அக்டோபர் 10ஆந் திகதி கோப்பாயில் இந்திய இராணுவத்தோடு நிகழ்ந்த மோதலில் மாலதி என்ற பெண் போராளி மடிந்தார். விடுதலைப் புலிகள் இயக்கத்தில் களத்தில் இறந்த முதற்பெண் அவர். அதன் பின் அவ்வியக்கத்தின் பெண் படையணிகள் 1991இலும் 2000இலும் ஆனையிறவிலும், வேறு பல களங்களிலும் போரிட்டன. ஊரடங்கிய பின் வாசலைத் தாண்டாத பெண்பிள்ளை, துவக்கேந்திக் காவலரணில் நின்றாள். பெண்ணுக்குப் போர் இயல்பன்று என்ற வாதத்தை யாழ்ப்பாணத்தில் இனி எவரும் முன்வைக்க முடியாது. அவர்களுள் விரும்பிச் சென்றோர் உளர். வலிந்து கொண்டுசெல்லப்பட்டோரும் உளர். பராயமடையாத சிறுமியரும் உளர். சிறுவரைப் படையிற் சேர்த்தமை ஆவணப்பட்ட உண்மை. இதனை மறைத்து வீரம் பேசுவது நேர்மையன்று.

மேசைப் பொம்மைகளைப் பற்றிய வாதத்துக்கு நம் அனுபவம் தரும் பாடம் இங்கேதான் தொடங்குகிறது. மேலைநாட்டு முற்போக்காளர் கேட்பது, படைவரிசையில் பாதி பெண்ணுருவம் வேண்டும் என்பது. அக்கோரிக்கை நியாயமானது, கண்ணியமான கவசத்தோடு அவ்வுருவம் வரவேண்டும் என்பதும் நியாயமானதே. ஆயின் படைவரிசையில் மெய்யாகவே பெண்கள் நின்ற மண்ணில் பெண்ணின் நிலை என்ன ஆயிற்று? 2009இல் போர் முடிந்தது. சரணடைந்த பெண்களுக்கு மறுவாழ்வு முகாம்களிலே கற்பிக்கப்பட்ட தொழில்களுள் தையலும் அழகுக்கலையும் இருந்தன. வெளியே வந்தவளைக் கொண்டாடிய சமூகமே அவளுக்கு மாப்பிள்ளை தேடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டது. சோவியத் பெண் வீரர்களின் வாய்மொழிகளைத் திரட்டி ஸ்வெத்லானா அலெக்சியேவிச் 1985இல் வெளியிட்ட நூலிலும் இதே அவலத்தைக் காண்கிறோம். போரிலிருந்து திரும்பியவள் தன் பதக்கத்தை ஒளித்துவைக்க நேர்ந்தது. காயாக நிறுத்தப்படுவது வேறு. கட்டத்தின் விதியை எழுதும் உரிமை பெறுவது வேறு. சதுரங்க அரசியிடம் நாம் கண்டதும் இதுவே.

நினைவுச் சின்னங்களும் ஒருவகைப் போர்ப்பலகையே. குடாநாட்டுக்கு வருவோரை ஆனையிறவிலே எதிர்கொள்வது, 1991இல் கவசமிட்ட மண்வாரி இயந்திரத்தைத் தகர்த்து மடிந்த சிப்பாய் காமினி குலரத்னவின் சின்னமும் அந்த இயந்திரமும். கோப்பாயில் இருந்த துயிலுமில்லமோ 2011இல் இடித்து மட்டமாக்கப்பட்டு அவ்விடத்தில் படைமுகாம் எழுந்தது. அங்கே பெண்களின் கல்லறைகளும் இருந்தன. எந்தக் கொள்கைக்காக ஒருவர் இறந்தார் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். இறந்தவள் இருந்தாள் என்பதையே அழிக்கும் உரிமை வென்றவனுக்கு இல்லை.

இவ்வளவும் ஆயுதம் ஏந்திய பெண்ணைப் பற்றியது. ஆயுதம் ஏந்தாதவளுக்குப் பலகையில் இடமே இல்லை. இதுவே இக்கட்டுரை வலியுறுத்த விரும்பும் செய்தி.

1995 அக்டோபர் 30ஆந் திகதியை எண்ணிப் பாருங்கள். இலங்கை இராணுவம் வலிகாமத்தை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்தது. மக்கள் வெளியேற வேண்டுமென்று புலிகள் அறிவித்தனர். 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மழையில், நாவற்குழிப் பாலத்தின் வழியே தென்மராட்சிக்கு நடந்தனர். அப்பெருந்திரளில் கிழவியைத் தாங்கியவள் பெண். கைக்குழந்தையை ஏந்தியவள் பெண். வழியிற் பிள்ளை பெற்றவள் பெண். சென்ற இடத்தில் மூன்று கல் வைத்துக் கஞ்சி காய்ச்சியவளும் பெண். இந்தப் படைநடவடிக்கையை ஒரு போர்விளையாட்டாக அமைப்பதாயின் எவையெல்லாம் காயாகும்? இரு தரப்புப் படையணிகள், கவச வாகனங்கள், பீரங்கிகள். பாலம் ஒரு கேந்திர நிலையம். அதைப் பிடித்தவனுக்குப் புள்ளி. பாலத்தின்மேல் நின்ற இலட்சக்கணக்கானோர் அந்த விளையாட்டில் இல்லை. பலகை வெறிச்சென்று துப்புரவாக இருக்கும். அத்துப்புரவுதான் பொய். போரென்றால் இரு படை மோதுவது என்று நம்பும் மாணவன், போரின் மிகப் பெரிய பகுதியைக் கற்காமலே வளர்கிறான்.

பிரஷ்யத் தளபதியின் கண்ணுக்கு வயல் படை கடக்கும் நிலமாகவே தெரிந்தது என்றோம். அந்தக் கண் இன்னும் மாறவில்லை. எதைக் காயாக எண்ணுகிறோமோ அதற்கே இழப்பு என்ற சொல் பொருந்துகிறது. சிப்பாய் வீழ்ந்தால் மேசையிலிருந்து உருவம் அகற்றப்படும்; ஒரு கணக்கு எழுதப்படும். காயாக இல்லாதவள் வீழ்ந்தால் கணக்கு எங்கே எழுதப்படும்? போர் முடிந்து ஆண்டுகள் பல சென்ற பின்னரும், காணாமலாக்கப்பட்டோரின் படத்தை நெஞ்சிலே பிடித்துக்கொண்டு வீதியோரம் அமர்ந்திருக்கும் தாய்மார் கேட்பது அந்தக் கணக்கைத்தான். அவர்களின் தொடர் போராட்டம் 2017இல் தொடங்கியது. அதற்கு மூன்று பத்தாண்டுகளுக்கு முன்பே, 1984இல், கைதுசெய்யப்பட்ட பிள்ளைகளுக்காக யாழ்ப்பாணத்து அன்னையர் முன்னணி கச்சேரியை நோக்கி ஊர்வலம் சென்றிருந்தது. இவையும் நகர்வுகளே, திட்டமிட்ட, துணிவான, ஆபத்தான நகர்வுகள். எந்த விதிநூலும் இவற்றை நகர்வென்று ஏற்பதில்லை.

இலக்கியம் இத்துறையில் விளையாட்டை முந்திவிட்டது. 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பில் பெண்கள் தாமே எழுதினர். ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர்களுள் ஒருவரான ராஜனி திராணகம, 1987ஆம் ஆண்டுப் போரின்போது பெண்கள் பட்டதைப் பதிவுசெய்தார். துவக்கேந்திய எந்தத் தரப்பையும் விட்டுவைக்காது எழுதினார். யாழ். பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த அவர் 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுபட்டவர்களைக் கணக்கிலே சேர்ப்பது எத்துணை ஆபத்தான வேலை என்பதை அம்மரணம் உணர்த்துகிறது.

இங்கே இரு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, அன்றாடக் கூலிக்கு அல்லற்படும் பெண்களைப் பற்றிப் பேசாமல் அந்நிய நாட்டுச் செல்வர் வீட்டுப் பொம்மையைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்பது. பொம்மை அவர்களுடையதாக இருக்கலாம். அதன் பார்வை அவர்களிடம் மட்டும் தங்கிவிடவில்லை. நம் பாடநூல்களில் போர்களின் வரலாறு எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். அம்புக்குறி இட்ட தேசப்படம், அரசன் பெயர், ஆண்டு. அதுவும் அதே பலகை. இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. இடம்பெயர்ந்த தாயைக் காயாக்கி உருட்டுக் கட்டையால் அவள் விதியைத் தீர்மானித்தால் துயரம் கேளிக்கையாகிவிடாதா? ஆகிவிடலாம். அந்த அச்சம் நியாயமானது. எனினும் அதற்கு வேறு வழியும் உண்டென்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகையின் தூண்டலாற் போலந்து நாட்டவர் ஆக்கிய ‘திஸ் வோர் ஒவ் மைன்’ என்ற ஆட்டம் 2017இல் மேசை விளையாட்டாகச் சிற்றுருவங்களோடு வெளிவந்தது. அதிலே ஆடுபவர் சிப்பாயல்லர். முற்றுகைக்குள் அகப்பட்ட ஆணும் பெண்ணுமான சாதாரண மக்கள். பகலில் அடுப்பெரிக்க விறகு தேடவேண்டும். இரவில் மருந்து தேடவேண்டும். அயலான் கதவைத் தட்டினால் திறப்பதா என்று முடிவுசெய்ய வேண்டும். எதிரியை வெல்வது நோக்கமன்று. மனிதராக எஞ்சுவதே நோக்கம். அங்கே துயரம் கேளிக்கையாகவில்லை. காரணம், ஆடுபவன் மேலிருந்து பார்க்கவில்லை. அவர்களோடு அந்த வீட்டுக்குள் இருக்கிறான். பார்வையின் உயரம் மாறியவுடன் பெண் தானாகவே பலகைக்கு வந்துவிடுகிறாள். அவளைத் தனியே அழைத்து அலங்கரிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே எத்தனை பெண்ணுருவங்கள் என்று எண்ணுவதோடு திறனாய்வு நின்றுவிடலாகாது. எந்தெந்த உழைப்பும் எந்தெந்த இழப்பும் போர் என்ற பெயருக்குள் அடக்கப்படுகின்றன என்று அது கேட்கவேண்டும். போராளிப் பெண்ணுக்குக் கண்ணியமான உருவம் வேண்டும். அவளுக்கு உணவு சமைத்தவளுக்கும், அவளைத் தேடி முகாம்தோறும் அலைந்தவளுக்கும் பலகையில் ஒரு கட்டம் வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துக் கேட்பதே நமக்குரிய கோரிக்கையாகும்.

நம் ஆசிரியர்கள் சதுரங்கம் கற்பிக்கின்றனர். அது நல்ல கல்வி. காய்களின் நகர்வைச் சொல்லிக் கொடுக்கும்போது, மந்திரி இராணியான கதையையும் சொல்லிக் கொடுக்கட்டும். வரலாற்று வகுப்பிலே தேசப்படத்தின் அம்புக்குறியைக் காட்டும்போது, அந்த அம்பு எந்தக் கிராமத்தின் மேலாகச் செல்கிறது, அன்று அங்கே யார் இருந்தார்கள் என்று மாணவர் கேட்கட்டும். விடையைத் தேட அவர்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டியிராது. குடாநாட்டில் அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் அந்த விடை அறிந்த ஒரு பெண் இருக்கிறாள். அவளிடம் இதுவரை எவரும் கேட்கவில்லை.